ஒன்றுதானே என்று வாங்கினேன்

அம்பத்தூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளைக்கு,

போன வாரம் தங்கச்சி போன் பண்ணியிருந்தாள். மாமாவின் பதினாறு நல்லபடியாக முடிந்தது, அத்தை இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, வைக்கப் போகும் நேரத்தில் மெல்ல, "அவங்க மறுபடியும் சிகரெட் பிடிக்காங்க அண்ணே" என்றாள். மாமாவை எடுத்து, ஆற்றில் முங்கிவிட்டு வந்த அன்றே தொடங்கிவிட்டதாம். நம் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஏன் நின்றது, என் போனை நீ ஏன் எடுப்பதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. தங்கச்சியைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் புகாராகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள்.

அன்று நான் வந்து சேர்வதற்குள் மாமாவை எடுத்துவிட்டீர்கள். ராத்திரி முழுக்கத் திண்ணையில் உன் பக்கத்தில்தான் இருந்தேன். நாலைந்து தடவை எழுந்து தெருமுனை வரைக்கும் போய்வந்தாய். துக்கத்தில் கால் தரிக்காமல் நடக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடமிருந்து மறைக்கத்தான் போனாய் என்று இப்போது தெரிந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை மாப்ள, தொண்டையை அடைத்தது. உன்னிடம் நான் மறைத்த ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

உனக்குத் தெரிந்த கணக்குப்படி நான் 2015-ல் சிகரெட்டை விட்டவன். ஒரே மூச்சில் விட்டான், அதற்கப்புறம் தொடவே இல்லை என்று நீ நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாய். அது உண்மை இல்லை. பதினாலு மாதம் விட்டிருந்தேன். 2016-ல் அம்மா இறந்தார்கள். படித்துறையில் ஈர வேட்டியோடு நிற்கிறேன், சொந்தக்காரர் ஒருவர் பாக்கெட்டை நீட்டினார். அன்பாகத்தான் நீட்டினார். துட்டி வீட்டில் ஆண்களுக்கு ஆறுதல் சொல்ல வாய் வராது, கையில் இருப்பதை நீட்டுவார்கள். ஒன்றுதானே என்று வாங்கினேன். முதல் இழுப்பில் தலை சுற்றியது, இரண்டாவதில் வாய் கசந்தது. இவ்வளவுதான், இனி வேண்டாம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. மறுநாள் இரண்டு. பத்தாம் நாள் பாதிப் பாக்கெட். சென்னைக்குத் திரும்பி ஒரு மாதத்துக்குள் பழையபடி நாளுக்குப் பதினைந்து.

அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் மறைத்துப் பிடித்தேன். வீட்டில் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லவில்லை. காலை ஐந்தரைக்கு நடக்கப் போகிறேன் என்று கிளம்பிப் பத்து நிமிஷத்தில் முதல் சிகரெட். ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஏலக்காய், நாலு கொய்யா இலை, மாற்றுச் சட்டை ஒன்று. பாக்கெட்டாக வாங்கினால் மாட்டிக்கொள்வேன் என்று சில்லறையாகவே வாங்கினேன். அதனால் எத்தனை பிடிக்கிறேன் என்ற கணக்குகூட எனக்குத் தெரியாமல் போனது. விட்டுவிட்டான் என்று எல்லோரும் பாராட்டிய பிறகு விழுந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஒதுங்குவேன். ஒதுங்கின இடத்தில் இன்னொன்று பற்றவைப்பேன். ஒரு மாதமாக நீ இதைத்தான் செய்துகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இன்னொரு சாக்கும் இருந்தது. முக்கூடலில் நம் தெருவில் பீடி சுற்றாத வீடு எது? அம்மா முந்தின நாள் ராத்திரியே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள். விடிந்ததும் தகட்டை வைத்து அளவு பார்த்துக் கத்தரியால் வெட்டி, மடியில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கை நிற்காது. இலை, தூள், ஒரு உருட்டு, நூல். நம்மோடு பேசும்போதும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். நாளுக்கு எண்ணூறு, விசேஷம் வந்தால் ஆயிரம். கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்துச் சிலதைக் கழித்துப் போடுவார், அதற்குக் கூலி கிடையாது. பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து வந்த உதவித்தொகையில்தான் நான் பாளையங்கோட்டையில் படித்தேன், உனக்கே தெரியும். பீடியை வாயில் வைத்தே அறியாத அம்மா கடைசி காலத்தில் இருமிய இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. அத்தனையும் பார்த்துவிட்டு நான் சொல்லிக்கொண்டது என்ன தெரியுமா? புகையிலைதான் நமக்குச் சோறு போட்டது, அதை எப்படி வெறுப்பது என்று. அம்மா முதுகு வளைந்து சுற்றியது நாங்கள் சாப்பிடவும் படிக்கவும். நான் இழுப்பதற்கு அதில் ஒரு நியாயமும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது.

1991-ல் நாம் ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்த டீக்கடை, தூணில் தொங்கும் கயிறு, அதன் நுனியில் எப்போதும் அணையாத கங்கு. நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டாய், நான் குனிந்து பற்றவைத்தேன். இரண்டு பேருக்கும் ஒரு சிகரெட். கடைசி பஸ் வரும் வரை பேசுவோம். அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் வேண்டும். பேச்சும் புகையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் முப்பது வருஷம் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இருந்துவிட்டேன்.

நான் நிஜமாக விட்டது 2022 ஜனவரியில். அதற்கு முந்தின மாதம் எங்கள் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன், பத்தொன்பது வயது, அவனும் நம் பக்கத்துக்காரன், வாசலில் என்னோடு வந்து நின்றான். டீ மட்டும் குடித்துக்கொண்டிருந்தவன். அன்று ஒரு சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு என் நெருப்புக்குக் குனிந்தான். நானும் நீட்டிவிட்டேன். அவன் இருமியதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

மறுநாள் கடை வாசலில் கிடந்த ஒரு காலி அட்டையில் சிகரெட்டை நிறுத்த உதவும் எண் கண்ணில் பட்டது, 1800-11-2356. 2018-லிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சடிக்கிறார்கள், சில்லறையாக வாங்கிய நான் படித்ததே இல்லை. கூப்பிட்டேன். காசு கிடையாது. தமிழிலேயே ஒரு பெண் பேசினார். எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட் என்பதைத்தான் முதலில் கேட்டார். எழுந்த அரை மணிக்குள் தேடுகிறவர்களுக்குப் பிடிமானம் அதிகமாம். விடுகிற தேதி ஒன்றை நீங்களே குறியுங்கள், அதற்கு முன்னால் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். தேதி குறிப்பது சுலபமாக இருந்தது. சொல்வதற்கு மூன்று நாள் ஆனது. கடைசியில் சமையல்கட்டில் நின்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "எனக்குத் தெரியும். கேட்டா உடைஞ்சு போயிருவீங்கன்னுதான் கேக்கல" என்றாள். ஐந்து வருஷம் தெரிந்தே இருந்திருக்கிறாள் மாப்ள. அன்று அவள் முன்னால் அழுதேன். ஸ்கூட்டர் பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே போட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன். போன தடவை நீ கேட்டபோது மேலோட்டமாகச் சொல்லிவிட்டேன், அது என் தப்பு.

முதல் மூன்று நாள்தான் கொடுமை. பிறகு மூன்று, நாலு வாரத்தில் உடம்பு அடங்கிவிடும். ஆசை வரும்போது இனி நாள் முழுக்க இப்படித்தான் என்று தோன்றும். நான் வாட்சைப் பார்த்தேன், ஐந்து நிமிஷத்தைத் தாண்டியது குறைவு. காப்பியைப் பாதியாகக் குறைத்துவிடு. இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிகரெட் புகை காப்பியின் வேகத்தை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிக்கொண்டிருக்கும். புகையை நிறுத்தினால் அதே இரண்டு டம்ளர் காப்பி உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும். படபடப்பு, கைநடுக்கம், ராத்திரி விழிப்பு எல்லாம் சிகரெட் கேட்பதாகவே தோன்றும். அதில் ஒரு பங்கு காப்பியின் வேலை.

நிகோடின் சூயிங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன முறை நீ வாங்கி, விக்கல் எடுக்கிறது, நெஞ்சு எரிகிறது என்று தூக்கிப் போட்டாயே, எனக்கும் அப்படித்தான் ஆனது. சாதாரண மிட்டாய் மாதிரி மென்று விழுங்கினால் அப்படித்தான் ஆகும். அதில் உள்ளது கன்னத்துச் சதை வழியாக இறங்க வேண்டியது. மெதுவாக மெல், மிளகு கடித்த மாதிரி சுர்ரென்று வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிடு. சுரீர் போனதும் மறுபடி மெல். ஒன்று அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் காப்பியோ பழரசமோ வேண்டாம். இரண்டு மில்லிகிராம் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எனக்கு டாக்டர் நாலு எழுதிக்கொடுத்தார். மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன்.

காலையில் வயிறு போகாது, ஒரு வாரம் அவதிதான். வெந்நீரும் கொய்யாப்பழமும் எனக்கு உதவின. இருமல் முதலில் கூடும், பயப்படாதே, நுரையீரல் அழுக்கைத் தள்ளுகிறது. கனவிலும் பிடிப்பாய். நான் நாலைந்து தடவை கனவில் பிடித்துவிட்டுப் பதறி எழுந்திருக்கிறேன். ஐந்து கிலோ ஏறினேன், இறங்கவில்லை.

நீ விட்டிருந்த ஒன்பது மாதம் வீணாய்ப் போனது என்று மட்டும் நினைக்காதே. மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வாரமும் வராந்தாவிலேயே படுத்திருந்தாய், ஒன்றுகூடத் தொடவில்லை. அந்த இரண்டு வாரத்தைக் கடந்தவனால் இன்னொரு தடவை முடியாதா? நமக்கு வயது ஐம்பத்து மூன்று. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற டாக்டர் 1951-ல் தொடங்கி, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களையே ஐம்பது வருஷம் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார். தொடர்ந்து பிடித்தவர்களுக்குச் சுமார் பத்து வருஷ ஆயுள் குறைந்தது. ஐம்பதில் விட்டவர்களுக்கு அதில் ஆறு வருஷமும், அறுபதில் விட்டவர்களுக்குக்கூட மூன்று வருஷமும் திரும்பக் கிடைத்தது. இதற்கு முந்தின ஆராய்ச்சியின்போதே அவரும் தன் சிகரெட்டை விட்டுவிட்டார். அத்தை தனியாக இருக்கிறார், உன் பையன் இப்போதுதான் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறான். அந்த வருஷங்கள் உனக்கு வேண்டும். எனக்கும் நீ வேண்டும்.

போன வருஷம் ஊருக்கு வந்தபோது அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு சேலை, தட்டு, கத்தரி, நூல்கண்டு. பெட்டியிலிருந்து பச்சைப் புகையிலைத் தூள் வாசம் எழும்பி வந்தது. சிகரெட் பிடித்த காலத்தில் இதே பெட்டியை எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. மூக்கு செத்திருந்தது. இப்போது அந்த வாசம் வந்தபோது சிகரெட் ஆசை துளிகூட எழவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா மடியில் முகம் வைத்தால் வருமே, அதே வாசம். பெட்டியை மூட மனசில்லாமல் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குப் பெரம்பூர் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, காலை ஏழுக்கே கிளம்பிவிடுகிறாள். அந்தப் பயிற்சிப் பையன் இப்போது நிரந்தரமாகிவிட்டான். இரண்டு தடவை விட்டு இரண்டு தடவையும் ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து சொல்லிவிடுகிறான். அவன் நிச்சயம் விட்டுவிடுவான் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை ஜங்ஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வா. அதற்குள் விட்டிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கையில் இருந்தால் இருக்கட்டும், என்னைப் பார்த்ததும் கீழே போட்டு மிதிக்காதே. முழுசாகப் பிடித்து முடி, நான் பக்கத்தில் நிற்கிறேன். அப்புறம் டீ குடித்துக்கொண்டே நீ தேதி குறி. இந்த ஞாயிறு மட்டும் போனை எடு.

அத்தையிடம் நான் வருவதைச் சொல்லி, பனங்கிழங்கு அவித்து வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள