கதிருக்கு, எந்த இடத்தில் ஆடுவது என்பது பற்றி

அன்புள்ள கதிர்,

இதைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். பேசினால் இரண்டாவது நிமிடத்தில் "சரிம்மா" என்று முடித்துவிடுவாய். நான் மினசோட்டாவிலும் நீங்களெல்லாம் டெக்சாஸில் கேட்டி நகரிலுமாக இருக்கும் இந்த ஆண்டில், எழுத்தில் இருந்தால் நீ ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம். விளங்காத இடத்தில் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்கக் கால்பந்து ஆட உன்னை அழைத்திருக்கும் மூன்று கல்லூரிகள் உன்னை மூன்று விதமாகப் பார்க்கின்றன. டெக்சாஸிலேயே உள்ள அரசுப் பல்கலைக்கழகம் முழு உதவித்தொகை தருவதாகச் சொல்கிறது, ஆனால் எதிரணியைத் தடுக்கப் பின்வரிசையில் நிற்கும் சேஃப்டியாக மட்டும். படிப்புக்குப் பேர்பெற்ற ஐவி லீக் கல்லூரி உன்னை, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்காகவே கேட்கிறது, ஆனால் அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. தெற்கில் உள்ள அந்தப் பெரிய பெயர், உதவித்தொகை இல்லாத வாக்-ஆனாக வரச் சொல்லி, உன் பெயருக்கு எதிரே "அத்லெட்" என்று மட்டும் குறித்திருக்கிறது. எந்தக் கல்லூரி என்பதைத்தான் நீ எடைபோட்டுக்கொண்டிருக்கிறாய். மைதானம், உடைமாற்றும் அறை, தொலைக்காட்சி, நண்பர்கள் போகும் இடம் ஆகிய எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆடும் இடத்தைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்கிறாய். என் எண்ணம் இதற்கு நேர் எதிரானது. எங்கே நின்று ஆடப்போகிறாய் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், கல்லூரியைப் பற்றிய கேள்வி பாதிக்கு மேல் தானாகவே முடிந்துவிடும்.

உன்னை வீட்டுக்கு வந்து பார்த்த பயிற்சியாளர், நீ இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வேறு கல்லூரியில் இருக்கலாம். அவர் போனபின், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதிய 2018இல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக நீயும் போகலாம். 2024இலிருந்து, படிப்பில் தகுதியுடன் இருக்கும் மாணவன் எத்தனை முறை மாறினாலும் ஓர் ஆண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை. ஆக, பயிற்சியாளரும் நிலையில்லை, கல்லூரியும் நிலையில்லை. அடுத்த இடத்துக்கு நீ எடுத்துச் செல்லப்போவது, நீ ஆடிய இடத்தில் எடுத்த ஃபில்ம் மட்டும்தான். இரண்டு ஆண்டு சேஃப்டியாக ஆடியவனைச் சேஃப்டி தேடுபவர்கள் அழைப்பார்கள். இரண்டு ஆண்டு எந்த இடத்திலும் நிலையாக ஆடாதவனை யாரும் அழைக்க மாட்டார்கள்.

குவாட்டர்பேக் என்ற இடத்தின் கணக்கு மற்ற இடங்களைப் போன்றதல்ல. மைதானத்தில் ஒருவர்தான் ஆடுவார். காயமோ தொடர்ந்த தோல்வியோ வந்தாலன்றி அவரை மாற்ற மாட்டார்கள். அந்த இடத்துக்கு உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஓர் ஆண்டில் ஒருவரையோ இருவரையோதான் எடுக்கிறார்கள். அவர்கள் காத்திருக்கும்போதே, வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிக்காட்டிய ஒருவர் போர்ட்டல் வழியாக வந்து முன்னால் நின்றுவிடுகிறார். கல்லூரி ஆட்டக்காரர்களில் மிகச் சிறந்தவருக்குத் தரும் ஹெய்ஸ்மன் கோப்பையை 2017 முதல் 2023 வரை வென்ற ஆறு குவாட்டர்பேக்குகளில் பிரைஸ் யங் ஒருவரைத் தவிர மற்ற ஐவரும், பேக்கர் மேஃபீல்டிலிருந்து ஜெய்டன் டேனியல்ஸ் வரை, வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள்தாம். 5 அடி 11 அங்குல உயரமுள்ள உன்னைக் குவாட்டர்பேக்காகக் கேட்க முன்னணிக் கல்லூரிகள் தயங்குவதில் உன் திறமை மீதான அவமதிப்பு எதுவும் இல்லை. நீ அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டதால்தான் மற்றக் கேள்விகளை நிதானமாகப் பார்க்க முடியாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது.

குவாட்டர்பேக் லமார் ஜாக்சனை நீ எனக்கு உதாரணம் காட்டினாய். நன்றாகவே காட்டினாய், ஏனென்றால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் அவருடைய தாய் ஃபெலிசியா ஜோன்ஸ். கணவர் இறந்தபின் மகனுக்குத் தானே பயிற்சி கொடுத்தவர் அவர். மகனை வேறு இடங்களில் ஆடவைக்கலாம் என்று பல கல்லூரிகள் எண்ணியபோது, குவாட்டர்பேக் தவிர வேறெங்கும் நிறுத்த மாட்டேன் என்ற வாக்கை லூயிவில் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாபி பெட்ரினோவிடம் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே அனுப்பினார். 2016இல் அந்த மகன் ஹெய்ஸ்மன் வென்றார். அதன் பிறகும் பேச்சு ஓயவில்லை. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டுக்கு முன்னால், அந்த லீக்கில் அணிகளின் பொது மேலாளராகப் பெயர் பெற்ற பில் போலியன், ஜாக்சன் எறிந்த பந்தை ஓடிப் பிடிக்கும் ரிசீவராக மாறுவது நல்லது என்றார். முதல் சுற்றின் கடைசித் தேர்வாக, 32ஆவதாக, பால்டிமோர் ரேவன்ஸ் அவரை எடுத்தது. 2019இலும் 2023இலும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. ஜாக்சனைப் போன்ற கறுப்பின இளைஞர்களைக் குவாட்டர்பேக் இடத்திலிருந்து பிற இடங்களுக்குத் தள்ளுவது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவந்தது. 1968இல் டென்வர் அணியில் குவாட்டர்பேக்காகத் தொடங்கிய மார்லின் பிரிஸ்கோ, மறு ஆண்டே பஃபலோவுக்குப் போய் ரிசீவராக வேண்டியிருந்தது. அந்த வரலாறு தெரிந்த ஒரு தாய் தன் மகனுக்காகப் பிடித்த பிடி அது.

உனக்காக நானும் அப்படி ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று நீ எதிர்பார்ப்பது தெரிகிறது. கதிர், ஜாக்சனைப் பார்த்தவர்கள் அவர் காலின் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையைப் பார்க்கத் தவறினார்கள். உன்னை அழைத்தவர்கள் உன் கையையும் பார்த்துவிட்டார்கள். கோடைக்கால முகாமில் நீ எறிந்ததை முழுவதும் பார்த்தபிறகுதான், தற்காப்பு வரிசையோடு நிற்க முடியுமா என்று கேட்டார்கள். சென்ற பருவத்தில் உங்கள் அணியில் காயங்கள் பெருகியதால் நீ சேஃப்டியாக இறங்கிய ஆட்டங்களின் ஃபில்ம் வெளியே போன பிறகுதான் உனக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. நம் வீட்டில் இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

இடம் மாறியவர்களின் கதை எல்லாம் தோல்விக் கதை என்று நினைத்துக்கொள்ளாதே. ஹூஸ்டனுக்கு வடக்கே இருக்கும் குரோவ்ட்டன் என்ற சிற்றூரில் குவாட்டர்பேக்காக ஆடிய லேன் ஜான்சன், கில்கோர் கல்லூரியிலும் அதே இடத்தில்தான் ஆடினார். ஓக்லஹோமாவில் டைட் எண்டாகவும் பிறகு டிஃபென்சிவ் எண்டாகவும் நிறுத்திப் பார்த்துக் கடைசியில், பெரிய உடம்பால் குவாட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிளாக்கினார்கள். 2013இல் நான்காவது தேர்வாக ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை எடுத்தது. அந்த அணி லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்ற இரண்டு முறையும் அவர் அதில் இருந்தார். அவர் உடம்பு வளர்ந்துகொண்டே போனது, இடம் அதைப் பின்தொடர்ந்தது. உனக்கு நெருக்கமான உதாரணம் ரிச்சர்ட் ஷெர்மன். ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராக இருந்து, கடைசி இரண்டு பருவங்களில் ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக்காக மாறி, 2011இல் ஐந்தாம் சுற்றில் சியாட்டிலுக்குப் போனவர். ரிசீவர் எப்படி ஓடுவான் என்பது அவருக்கு உள்ளிருந்து தெரியும். எதிரே நின்றபோது அந்த அறிவு ஒன்றும் வீணாகவில்லை.

அதே காரணத்தால்தான் சேஃப்டி உனக்குப் பொருந்தும் என்கிறேன். பந்து எறியப்படுவதற்கு முன்பே ஆட்டம் முழுவதையும் எதிரே வைத்துப் பார்ப்பவர்கள் குவாட்டர்பேக்கும் சேஃப்டியும்தான். ஒருவர் சேஃப்டியின் கண்ணைப் பார்த்து எறிகிறார், மற்றவர் குவாட்டர்பேக்கின் கண்ணைப் பார்த்து ஓடுகிறார். நீ பல ஆண்டுகளாக முதல் வேலையைச் செய்து பழகியதால்தான், பயிற்சியே இல்லாமல் இறங்கிய ஆட்டங்களில்கூட மற்றவர்களைவிட ஓர் அடி முன்னால் புறப்பட்டாய். இன்னொன்று: களத்தில் சேஃப்டிகள் இருவரோ மூவரோ இருப்பார்கள்; பந்தை உதைக்கும் நேரத்தில் இறங்கும் கிக்காஃப், பன்ட் அணிகளுக்கும் அந்தக் கூட்டத்திலிருந்துதான் ஆள் எடுப்பார்கள். முதல் ஆண்டிலேயே நீ சனிக்கிழமை ஆட்டத்தில் கால் பதிக்கலாம். நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த ஆண்டு, கல்லூரியில் ஆட உனக்குள்ள ஆண்டுகளின் கணக்கில் கழியாது என்ற விதி 2018 முதல் இருக்கிறது. முதலாண்டுக் குவாட்டர்பேக் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே நின்று சைகை காட்டிக்கொண்டிருப்பான்.

சேஃப்டியில் எனக்குப் பிடிக்காதது மோதல். குவாட்டர்பேக் அடி வாங்குகிறான். சேஃப்டி முழு வேகத்தில் ஓடிவந்து அடி கொடுக்கிறான், இரண்டிலும் மூளை ஒன்றுதான். பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த 111 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110இல், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. பாதிப்பு காணப்பட்டது. அவை ஐயத்தின் பேரில் குடும்பத்தார் கொடுத்த மூளைகள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் என் பயம் குறையவில்லை. தலையைக் குறிவைத்து மோதினால் வெளியேற்றும் விதி 2013இல் வந்திருக்கிறது. ஆனாலும், உன்னைக் கேட்கும் பயிற்சியாளர் தலையை விலக்கித் தோளால் வீழ்த்தும் முறையை எப்படிக் கற்றுத் தருகிறார், வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி வைக்கிறார் என்பதை நீ கேட்க வேண்டும். நீ கேட்காவிட்டால் நான் கேட்பேன், அப்போது நீ வெட்கப்படுவாய்.

தெற்கிலிருந்து வந்த அழைப்பை விட்டுவிடு என்பேன். "அத்லெட்" என்பது, எந்த இடத்திலும் ஆடக்கூடியவன் என்ற பொருளில், உயர்நிலைப் பள்ளித் தரவரிசைகளில் பெருமைக்குரிய சொல். டிராவிஸ் ஹண்டரைப் போன்ற ஒருவருக்கு அது பொருந்தும். அவர் கொலராடோவில் ரிசீவராகவும் கார்னர்பேக்காகவும் ஒரே ஆட்டத்தில் இரு பக்கமும் ஆடி 2024இல் ஹெய்ஸ்மன் வென்று, 2025 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டார். வாக்-ஆனுக்கு அந்தச் சொல் வந்தால், எங்கே வைப்பது என்று அவர்கள் இன்னும் யோசிக்கவில்லை என்றுதான் பொருள். அதோடு, 2025 ஜூனில் கல்லூரி ஆட்டக்காரர்கள் தொடுத்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஹவுஸ் வழக்குச் சமரசத்தின்படி, உதவித்தொகைக்கு இருந்த 85 என்ற வரம்பு போய், மொத்த அணிக்கே 105 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. முன்பு 120 பேர் வரை வைத்திருந்த பெரிய அணிகள் ஆளைக் குறைக்கும்போது முதலில் போவது வாக்-ஆன்கள்தாம். அந்த மைதானத்தின் கூட்டத்தைப் பார்த்து நீ மயங்கியது இயல்புதான். ஆனால் அந்தக் கூட்டம் உன்னைப் பார்க்க வரப்போவதில்லை.

ஐவி லீக் பற்றி என்னிடமிருந்து நீ வேறு விதமான பேச்சை எதிர்பார்த்திருப்பாய். நம் உறவினர்கள் அனைவரும் அதைத்தான் சொல்வார்கள். பெரியம்மா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். நல்ல கல்லூரிதான், குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவியும் செய்வார்கள். 2025 பருவத்திலிருந்து அந்த லீக்கின் வெற்றியாளர் தேசிய பிளேஆஃப் சுற்றிலும் ஆடலாம். உன்னால் குவாட்டர்பேக் இடத்தை விட முடியாது என்றால், விட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் எதிரணியின் குவாட்டர்பேக்கைப் பார்த்து மனம் பொருமும் என்றால், அங்கே போ. பணத்தை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். படிப்பின் பெயருக்காக மட்டும் போகிறாய் என்றால் வேண்டாம், ஏனென்றால் டெக்சாஸில் உன்னை அழைத்த இடத்திலும் நீ படிக்க விரும்பும் இயந்திரப் பொறியியல் இருக்கிறது, அதுவும் கடனில்லாமல்.

நீ தம்பியிடம் சொல்லி, தம்பி என்னிடம் சொன்ன அந்தத் திட்டத்தையும் பேசிவிடுகிறேன். சேஃப்டி என்று ஒப்புக்கொண்டு உள்ளே போய்விடுவது, பிறகு பயிற்சியில் எறிந்து காட்டிக் குவாட்டர்பேக் ஆவது. இதை நான் ஏற்கவில்லை. அவர்கள் குவாட்டர்பேக்குகளுக்கென்று தனிக் கூட்டம், தனிப் பயிற்சியாளர், தனிப் பாடம் வைத்திருப்பார்கள். நீ அந்த அறைக்குள்ளேயே போகப்போவதில்லை. அதைவிட முக்கியமாக, உன் பக்கத்தில் சேஃப்டி வேலையையே வாழ்க்கையாக எண்ணி வந்த ஒருவன் இருப்பான். அரை மனதுடன் கற்கும் உன்னை அவன் ஆகஸ்ட் மாதமே தாண்டிப் போய்விடுவான். போனால் முழு மனதுடன் போ, இல்லையென்றால் அவர்களிடம் இப்போதே மறுத்துச் சொல்லிவிடு. உன் இடத்துக்கு இன்னொரு பையனைத் தேட அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

இதுவரை அவர்கள் சொன்னதெல்லாம் வாய்ச்சொல். எழுத்து மூலமான உதவித்தொகைக் கடிதம் பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டின் ஆகஸ்ட் 1க்கு முன் வராது, கையெழுத்து டிசம்பரில்தான். அந்தத் தாளிலும் தொகையும் காலமும் இருக்குமே தவிர, எந்த இடத்தில் ஆடுவாய் என்று எழுதித் தர மாட்டார்கள். அதனால் இந்த வாரமே டெக்சாஸ் கல்லூரியின் சேஃப்டி பயிற்சியாளரை நீயே அழை. அப்பா பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் பேசுவது நீயாக இரு. உன்னைச் சேஃப்டியாகக் கேட்பது அவரா, தலைமைப் பயிற்சியாளரா, தற்காப்பு ஒருங்கிணைப்பாளரா என்று கேள். பின்னால் ஆழத்தில் நிற்கும் சேஃப்டியா, கோட்டுக்கு அருகே இறங்கி மோதும் சேஃப்டியா என்று கேள். பின்னதாக இருந்தால் இன்னும் பத்துப் பதினைந்து பவுண்டு ஏற்றச் சொல்வார்கள், அது உன் வேகத்தை என்ன செய்யும் என்றும் கேள். இந்த ஆண்டு அந்த இடத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறார்கள், போர்ட்டலிலிருந்து யாரையாவது கொண்டுவரும் எண்ணம் உண்டா என்பதையும் கேட்டுவிடு. கடைசிக் கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்கிறாரா, சுற்றி வளைக்கிறாரா என்பதைக் கவனித்து எழுதி வை.

ஐவி லீக் கல்லூரியின் நிதியுதவிப் படிவத்துக்கு வேண்டிய என் வருமான விவரங்களை அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன்; நீ எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைக் காலத்தில் சமர்ப்பித்துவிடுங்கள். பயிற்சியாளரிடம் பேசி முடித்தவுடன் என்னை அழை. எனக்கு இரவுப் பணிதான், எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா