இலைப் படம் ஒட்டினால் இயற்கை வந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வீட்டுக்குள் இயற்கையைக் கொண்டுவருவது பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். படங்கள் அழகு, சந்தேகமில்லை. ஆனால் இலை போட்ட வால்பேப்பர், பிளாஸ்டிக் புல் ஒட்டிய சுவர், மரப்பட்டை மாதிரி பெயின்ட் அடித்த தூண் என்று எல்லாமே வெளித்தோற்றம்தான். இயற்கை எப்படி வேலை செய்கிறது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் குடியிருப்பில் லிப்ட் பக்கத்துச் சுவரில் அப்படி ஒரு பிளாஸ்டிக் புல்லை ஒட்டிவிட்டு, அதில் அடையும் தூசியை யார் தட்டுவது என்று சங்கக் கூட்டத்தில் சண்டை நடக்கிறது.

அமெரிக்காவின் இன்டர்ஃபேஸ் கார்ப்பெட் நிறுவனத்துக்காக டேவிட் ஓக்கி என்ற வடிவமைப்பாளர் தன் குழுவைக் காட்டுக்கு அனுப்பினார். பூவும் இலையும் வரைந்துகொண்டு வர அல்ல. காடு தன் தரையை எப்படி அமைத்திருக்கிறது என்று பார்த்து வர. சருகு, சுள்ளி, கல் என்று கிடக்கும் அந்தத் தரையில் எந்த இரண்டு இடமும் ஒன்றுபோல இல்லை, ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் கண்ணை உறுத்தவில்லை. 2000இல் வந்த ‘என்ட்ரோபி’ கார்ப்பெட் டைல்கள் அப்படிப் பிறந்தவை. ஒவ்வொரு சதுரத்திலும் நிறமும் கோலமும் கொஞ்சம் மாறும். அதனால் எந்தத் திசையிலும் போடலாம், டிசைன் பொருந்துவதற்காக வெட்டி வீணாக்க வேண்டாம், ஒன்று கறைபட்டால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு லாட்டில் வந்ததைப் போட்டாலும் தெரியாது.

இதன் அருமை, ஹாலில் ஒரே ஒரு டைல் உடைந்து கடை கடையாக அலைந்தவர்களுக்குத் தெரியும். “அந்த டிசைன் இப்ப வர்றதில்ல சார்” என்பார்கள். வந்தாலும் ஷேட் வேறாக இருக்கும். பழைய மொசைக் தரையில் இந்தத் தொல்லை குறைவு, சில்லுகள் தாறுமாறாகக் கிடப்பதால் ஒட்டுப்போட்ட இடம் அவ்வளவாகக் கண்ணில் படாது. அதைத்தான் பழசு என்று பெயர்த்துப் போடுகிறார்கள்!

இயற்கையைக் காப்பியடிப்பதிலும் கவனம் வேண்டும். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடத்தை மிக் பியர்ஸ் கறையான் புற்றைப் பார்த்து வடிவமைத்தார். வழக்கமான ஏசி கிடையாது. இரவில் விசிறிகள் குளிர்ந்த காற்றை இழுத்துக் கான்கிரீட்டைக் குளிரவைக்கும், பகலில் அதன் வழியாக வரும் காற்று சூடு குறைந்து அறைக்குள் வரும். (புற்று உண்மையில் அப்படி வேலை செய்வதில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள், அது வேறு கதை.) ஆனால் ஹராரே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், இரவு குளிரும். மே மாதச் சென்னையில் நள்ளிரவில்கூட வியர்க்கிறது, இங்கே அதே வித்தை பலிக்காது.

அடுத்த வாரம் சமையலறை அலமாரிகள் பற்றி என்று போட்டிருக்கிறீர்கள். சரி, அதில் பிளைவுட் பசையைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். புது அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறதே, அதற்குப் பெரும்பாலும் பசையிலிருந்து வரும் பார்மால்டிஹைடு என்ற வாயுதான் காரணம். அலை அடிக்கும் பாறையைக் கடல் மட்டி எப்படி விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதிலிருந்து யோசனை எடுத்து, ஓரிகான் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கைச்சாங் லீ சோயாவிலிருந்து பார்மால்டிஹைடு சேர்க்காத பசை செய்தார். அமெரிக்காவில் அந்தப் பசை போட்ட பிளைவுட் விற்பனையில் இருக்கிறது. நம் ஊரில் அந்த மாதிரி என்ன கிடைக்கிறது, எதைப் பார்த்து வாங்க வேண்டும், விலை எவ்வளவு என்று உங்கள் நிருபர் கடைகளில் விசாரித்துப் போட்டால், வீட்டு வேலையைப் பாதியில் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்