பலகையில் பாதியை எங்களுக்கு விடுங்கள்: எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர் மற்றும் வட்டத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நூலக வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கும் கரும்பலகையில் அடுத்த மாதம் முதல் போட்டித் தேர்வுக்குப் பயன்படும் குறிப்புகளை மட்டுமே எழுதுவது என்று சென்ற கூட்டத்தில் முடிவெடுத்திருப்பதாக அறிந்தேன். பேத்தியின் காதுகுத்துக்காக ஆத்தூர் போயிருந்ததால் அன்று என்னால் வர இயலவில்லை. ஆறு ஆண்டுகளாகக் காலை எட்டு மணிக்கு அந்தப் பலகையில் ஒரு சொல்லையும் அதன் பொருளையும், அதற்குக் கீழே ஒரு துணுக்கையும் எழுதி வருபவன் என்ற முறையில், கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். வட்டத்தில் சேராமல் பலகையை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இதைத் திறந்த மடலாகவே வைக்கிறேன்.

பலகையில் வருபவற்றால் பயனில்லை என்பது ஒன்று, அவை சரிபார்க்கப்படாதவை என்பது மற்றொன்று; முடிவுக்கு இவ்விரண்டு காரணங்களும் சொல்லப்பட்டதாகத் தெரிகிறது. இரண்டாவதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. முதலாவதில் சிறிதும் இல்லை.

முதல் நாள் நான் எழுதிய சொல் 'சுகம்'. அதற்கு இரண்டு பொருள் எழுதினேன்: நலம், கிளி. வடமொழியில் இவை வேறு வேறு ஒலியுடைய இரண்டு சொற்கள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகி விடுகின்றன. கிளிக்காட்டின் இறைவன் என்பதால்தான் நம் சேலத்துச் சிவனுக்குச் சுகவனேசுவரர் என்று பெயர். பிறந்தது முதல் அந்தக் கோயிலுக்குப் போய் வந்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், "இத்தனை நாளும் சுகம் கொடுக்கிற சாமி என்றல்லவா நினைத்துக் கும்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கொடுக்காமலும் இல்லை என்று தானே சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு நூலகத்துக்கு வருபவர்கள் ஒருவரையொருவர் "சுகமா?" என்று கேட்பதும், "இல்லை, மைனா" என்று பதில் வருவதுமாக இருந்தது. இதனால் என்ன பயன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால், செய்தித்தாளைப் புரட்டிவிட்டு யாருடனும் பேசாமல் எழுந்து போகும் வழக்கமுடைய பத்துப் பதினைந்து பேர் அந்த மாதத்தில்தான் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினார்கள் என்பதை நூலகரும் அறிவார்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவன் நான். சொற்களின் மீது எனக்கு ஆசை வந்ததும் அங்கேதான். வெள்ளியின் தரத்தைப் பட்டறையில் 'டச்சு' என்பார்கள். அது டச்சுக்காரர்களைக் குறிக்கும் சொல் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். கல்லில் உரசித் தரம் பார்ப்பதைக் குறிக்கும் 'டச்' (touch) என்ற ஆங்கிலச் சொல் அது என்பதும், அந்தக் கல்லுக்கு உரைகல் என்ற அழகான பெயர் நம்மிடமே இருக்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தன. உரைத்தல் என்றால் தேய்த்தல், உரைத்தல் என்றால் சொல்லுதல். தங்கத்தை நாம் எண்ணும் சவரனும் அப்படித்தான்: இங்கிலாந்து அரசின் 'சாவரின்' என்ற பொற்காசு ஏறக்குறைய 8 கிராம் எடை கொண்டது, அந்தக் காசைப் பார்த்தே இராதவர்களும் இன்று அதன் பெயரில்தான் நகை வாங்குகிறார்கள். பட்டறைச் சாணையில் ஏற்றும் குருந்தக்கல்லின் கதை இதற்கு நேர்மாறானது. வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள கனிமம் அது. மாணிக்கமும் நீலமும் அதன் வகைகளே. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்து போனது. இந்த மூன்றையும் அடுத்தடுத்த நாட்களில் எழுதியபோது, பட்டறைப் பையன்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திப் படித்தார்கள். கடன்பட்ட சொல் எத்தனை, கடன் கொடுத்த சொல் எத்தனை என்று கணக்கு வைக்கச் சொல்லி அவர்களில் ஒருவன் கேட்டான். கணக்குப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு எதிராக நான் எழுதுவதாக யாரும் கொள்ள வேண்டாம். குரூப் 4 எழுதக் காத்திருக்கும் பிள்ளைகள் நம் நூலகத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பதை நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்கென்று உள்ளே தனி அலமாரி இருக்கிறது, தனி மேசை இருக்கிறது, சுவரில் நடப்பு நிகழ்வுகள் ஒட்டும் இடமும் இருக்கிறது. அவற்றோடு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை முடிகிறது. வெளியே வந்து செருப்பு மாட்டும் அரை நிமிடத்தில் அவர்களுக்கு விடையாக எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லாத ஒரு செய்தி கிடைத்தால் குறைந்துபோவது என்ன? பலகையை முதலில் படித்துச் சிரிப்பவர்களும் அவர்களே.

ஓர் எடுத்துக்காட்டை மட்டும் விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னகைட் என்ற பாறையால் ஆனது என்று ஒரு நாள் எழுதினேன். தேர்வுக் குறிப்பு என்றால் அந்த ஒரு வரியோடு முடிந்திருக்கும். அந்தப் பெயர், கல்கத்தாவில் கிழக்கிந்திய நிறுவனத்தின் குடியேற்றத்தை அமைத்த ஜாப் சார்னக் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. அவருடைய கல்லறையின் மேல் வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து, அதாவது பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-இல் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து எழுதியபோது, கல்லுக்குக் கீழே உறங்குபவரின் பெயரையே பாறைக்கும் சூட்டிவிட்டார். இதை எழுதிய மறுநாள், அதே பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றி எழுதினேன். இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்குத் தொடக்கம் என்று சொல்லப்படும் கண்டெடுப்பு அது. அந்த ஃபூட் தம் பிற்காலத்தில் வந்து குடியிருந்தது ஏற்காட்டில். 1912-இல் மறைந்த அவருக்கு அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நினைவுச் சின்னமும் இருக்கிறது. ஆக, பல்லாவரத்துக் கல்லால் பெயர் பெற்ற பாறையின் மேல், பல்லாவரத்துக் கல்லால் பெயர் பெற்ற மனிதர் வாழ்ந்திருக்கிறார். இதில் யாருக்கும் ஒரு மதிப்பெண்ணும் கிடைக்காது. ஆனால், அந்த வாரக் கடைசியில் ஏற்காடு சென்று வந்த கல்லூரி மாணவர் இருவர், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே வந்த லாரிக்காகப் பஸ் ஒதுங்கி நின்றபோது சன்னல் வழியே கையை நீட்டிப் பாறையைத் தொட்டுப் பார்த்ததாக என்னிடம் வந்து சொன்னார்கள். ஓட்டுநர் திட்டினாராம். திட்டியது சரிதான்.

இனி, சரிபார்ப்பு பற்றிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நான் தவறு செய்திருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. 'பாவு' என்பது தறியில் குறுக்கே ஓடும் நூல், 'ஊடை' என்பது நெடுக்கே ஓடும் நூல் என்று ஒருமுறை மாற்றி எழுதிவிட்டேன். அம்மாபேட்டையிலிருந்தும் குகையிலிருந்தும் நெசவாளர்கள் நடமாடும் ஊரில் இப்படி எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். பத்து மணிக்குள் ஒருவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு உள்ளே வந்து, சாக்பீஸ் இருக்கிறதா என்று நூலகரைக் கேட்டு வாங்கி, நான் எழுதியதை அழிக்காமல் அதன் பக்கத்தில் ஒரு தறியையே வரைந்துவிட்டார். "நீட்டிக் கட்டினால்தான் ஐயா அது பாவு, அதற்குள்ளே நாடா போய் வந்தால்தான் ஊடை. பாவு இல்லாமல் தறியில் உட்காரவே முடியாதே" என்றார். பிறகு அச்சு எது, விழுது எது, தார் எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றாக அம்புக்குறி போட்டுக் காட்டினார். அவர் கையெழுத்து என் கையெழுத்தைவிட நன்றாக இருந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். அன்று பலகையைப் படித்தவர்களின் எண்ணிக்கை வேறு எந்த நாளிலும் வந்ததில்லை. அந்தப் படத்தை மூன்று நாட்கள் யாரும் அழிக்கவில்லை. நானும் அந்த மூன்று நாட்கள் வேறு எதையும் எழுதவில்லை.

இன்னொரு தவறு இதைவிட மோசமானது. ஆஸ்திரேலியாவில் இறங்கிய வெள்ளைக்காரர்கள் அங்கே துள்ளிய விலங்கின் பெயரைக் கேட்டார்கள் என்றும், 'எனக்குத் தெரியாது' என்று அந்நாட்டு மக்கள் தம் மொழியில் சொன்ன பதிலே 'கங்காரு' ஆகிவிட்டது என்றும் எழுதினேன். எங்கோ படித்தது, நன்றாக இருந்தது, எழுதிவிட்டேன். உண்மையில் 1770-இல் கேப்டன் குக்கின் கப்பல் பழுதாகி நின்ற இடத்தில் வாழ்ந்த கூகு யிமிதிர் மக்களின் மொழியில் ஒரு வகைப் பெரிய கங்காருவுக்கு அதுவேதான் பெயர். ஜான் ஹாவிலண்ட் என்ற மொழியியலாளர் 1970-களில் அம்மக்களிடையே ஆய்வு செய்து இதை உறுதிப்படுத்தியிருக்கிறார். நெசவாளர் வந்து திருத்திய தவறில் எனக்கு வெட்கம் மட்டுமே இருந்தது. இதைத் திருத்த யாரும் வராததால், நான்கு நாட்கள் கழித்து நானே கண்டறியும் வரை எத்தனை வீடுகளுக்கு அந்தப் பொய் போயிருக்கும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. கேட்க நன்றாக இருக்கும் சொற்கதைகளைத்தான் முதலில் உரைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்று தீர்மானித்து, இன்றுவரை கடைப்பிடித்து வருகிறேன்.

ஆகவே சரிபார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. அதற்காகப் பலகையையே எடுத்துவிடுவது, கொலுசில் ஒரு கண்ணி விட்டதற்காகக் கொலுசை உருக்குவது போன்றது என்பதே என் வாதம்.

மேலும், சொல்லை வைத்துப் பொழுதுபோக்குவது நம் ஊருக்குப் புதிதன்று. 1916-இல் இதே சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி, தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்கான தமிழ்ச் சொற்களை உருவாக்குவதற்கென்றே நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார். அதற்கு மறு ஆண்டுதான் அவர் நகராட்சித் தலைவரானார். தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை இங்கே நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். பின்னாளில் 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநரானார். அவர்களுடைய உழைப்போடு செருப்பு விடும் இடத்துப் பலகையை ஒப்பிடும் அளவுக்கு எனக்குப் புத்தி மங்கவில்லை. ஆனாலும், மாலையில் கூடி 'இதற்கு என்ன சொல்லலாம்' என்று பேசிக்கொள்வதில் அவர்களுக்கும் ஒரு குஷி இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அது இல்லாமல் யாரும் ஆயிரக்கணக்கான சொற்களின் பின்னால் அலைய மாட்டார்கள்.

என் வேண்டுகோள் சிறியது. பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கத்தைத் தேர்வுக் குறிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தைச் சொல்லுக்கும் துணுக்குக்கும் விடுங்கள். எழுதியவர் யார் என்பதைக் கீழே குறிக்கிறோம். ஐயமுள்ள எதையும் எழுதுவதில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தம் வண்ண சாக்பீஸில் ஒரு நாள் முழுவதும் அழியாமல் இருக்கும். சாக்பீஸ் செலவு எப்போதும்போல் என்னுடையதே. (பேச்சு வந்ததால் சொல்கிறேன்: சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்யப்படுவதால் அதில் சாக் எனப்படும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் இல்லை, நம் 'சாக் ஹில்ஸ்' குன்றுகளிலும் சாக் இல்லை, இருப்பது மேக்னசைட் என்ற கனிமம். வெள்ளையாக இருந்ததால் வந்த பெயர். இதையும் பலகையில்தான் எழுதினேன், அந்தச் சாக்பீஸாலேயே.)

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி நம் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் பூட்டிய பீரோவுக்குள் இருக்கிறது. சாவி செயலாளர் வீட்டில் இருக்கிறது. செயலாளர் மாதத்தில் பாதி நாள் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். சரிபார்க்கவில்லை என்று எங்களைக் கேட்கும் வட்டம், சரிபார்க்கும் நூலை மேசை மேல் எடுத்து வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

சென்ற வாரம் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, பலகையின் சட்டத்தில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். "கொலுசு தமிழ் வார்த்தையா? எங்கள் வீட்டில் செய்கிறோம், ஆனால் யாருக்கும் தெரியவில்லை" என்று அதில் எழுதியிருக்கிறது. தெலுங்கில் கொலுசு என்றால் சங்கிலி என்பதை நான் அறிவேன். அங்கிருந்து நமக்கு வந்திருக்கலாம் என்ற எண்ணமும் உண்டு. கங்காருவிடம் பட்ட பிறகு, பேரகராதியைப் பார்க்காமல் அதை எழுதுவதாக இல்லை. சீட்டு இன்னும் சட்டத்திலேயே இருக்கிறது. அவள் தினமும் பள்ளிக்குப் போகும்போது எட்டிப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும்போது, தீர்மானம் எதுவாக இருந்தாலும், பீரோ சாவியை மட்டும் மறக்காமல் கொண்டு வருமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வட்டத்தின் பழைய உறுப்பினன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.