சின்ன மெஷின் போதும் என்று நாங்கள் ஏன் சொல்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஜெனரேட்டர் கடைப் படி ஏறியதும் பெரும்பாலோர் கேட்பது, "5 கேவிஏ இன்னா ரேட்டு?" (கேவிஏ என்பது ஜெனரேட்டர் எவ்வளவு லோடு தாங்கும் என்று சொல்லும் அளவு.) நாங்கள் ரேட்டைச் சொல்லாமல், "வூட்ல என்னென்ன ஓடுது?" என்று திருப்பிக் கேட்கிறோம். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. போன மாதம் அணைக்கட்டு பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர், "ஏம்பா, காசு என்னுது. உனக்கு இன்னா கஷ்டம்?" என்றே கேட்டுவிட்டார். அன்று கடையில் கூட்டம், அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதில் இது.

எங்கள் தவறிலிருந்தே தொடங்குகிறோம். பல வருஷத்துக்கு முன் ஜவ்வாது மலையில், பீஞ்சமந்தையைத் தாண்டி, கரண்ட் கம்பம் போகாத ஒரு கொல்லை வீட்டுக்கு 10 கேவிஏ டீசல் மெஷின் கொடுத்தோம். வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்தோம். கிணற்று மோட்டார் அப்புறம் போடலாம் என்று சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது ஆறு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு டிவி. எல்லாம் சேர்ந்து 300 வாட்ஸ். அந்த மெஷின் தரக்கூடியது 8,000 வாட்ஸ். ஒரு படி சாமையை ஏற்றிவர லாரி பிடித்த மாதிரி.

எட்டு மாதம் கழித்து போன் வந்தது. "மிஷினு பொகையா கக்குதுப்பா, ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது." ஒடுகத்தூர் வழியாக மேலே போய்ப் பார்த்தோம். சைலன்சர் மூட்டிலிருந்து தார் மாதிரி கறுப்பாக ஒழுகி, கீழே வைத்திருந்த செங்கல்மேல் கட்டிப்போயிருந்தது. என்ஜின் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான லைனருக்குள் விரலை விட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. புது லைனரின் உள்பக்கம் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். அதில் ஒன்றுகூட மிச்சமில்லை.

லோடு இல்லாமல் ஓடும் டீசல் என்ஜினுக்குப் போதுமான சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் நாஸில் அடிக்கும் டீசல் முழுக்க எரியாது. எரியாததில் கொஞ்சம் கரியாகி சைலன்சரில் ஒட்டும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி ஆயிலைக் கெடுக்கும். மெஷின் சும்மாதானே ஓடுகிறது, தேய்மானம் கம்மி என்று நினைக்கிறோம். டீசலில் அந்த நினைப்பு பலிக்காது. மூன்றில் ஒரு பங்கு லோடாவது அது இழுக்க வேண்டும். முக்கால் பங்கு இழுத்தால் இன்னும் நல்லது.

செலவைப் பாருங்கள். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட 10 யூனிட் சக்தி இருக்கிறது. சரியான லோடில் ஓடும் சின்ன மெஷின் அதில் 3 யூனிட்டைக் கரண்டாகக் கொடுக்கும், மீதி சூடாகப் போய்விடும். ஆக, டீசல் மட்டுமே யூனிட்டுக்கு 30 ரூபாய். மலைமேல் வைத்த 10 கேவிஏ சும்மா சுற்றவே மணிக்கு முக்கால் லிட்டர் குடித்தது. அந்த ஒரு மணியில் அவர் எரித்தது 0.3 யூனிட். யூனிட்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் போகிறது. ராத்திரி ஐந்து மணி நேரம் பல்பும் டிவியும் பார்க்க 300 ரூபாய்க்கு மேல் டீசல்! அந்த மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டோம், நஷ்டம் எங்களோடு. பெரிய மெஷின் விற்றால் லாபம் கூடுதல் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு ரிப்பேருக்கு ஆள் மலையேறி இறங்கினால் அந்த லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

"மோட்டார் இருக்குதே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 1 எச்பி என்பது 746 வாட்ஸ்தான், ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் ஐந்து ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதற்குப் பயந்துதான் எல்லோரும் 5, 7.5 என்று ஏறுகிறார்கள். 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு, மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு முதலில் மோட்டாரைப் போட்டால், பெரும்பாலும் 3 கேவிஏ போதும். கிணற்று ஆழம் இடம் கொடுத்தால் அரை எச்பி மோட்டாரும் மேலே ஒரு டேங்கும் வையுங்கள், மெஷின் இன்னும் சின்னதாகும்.

மோட்டார், கிரைண்டர், பேட்டரி சார்ஜ் எல்லாவற்றையும் காலையில் ஒரே இரண்டு மணி நேரத்துக்குள் வைத்து மெஷினை நன்றாக இழுக்கவிடுங்கள். நாள் முழுக்க முனகவிடாதீர்கள். பேட்டரியை மட்டும் சார்ஜ் பண்ண மெஷின் போடுவது வீண். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி 15, 20 ஆம்பியருக்கு மேல் ஏற்காது. மெஷினுக்கு லோடே போதாது, பேட்டரி நிறையப் பத்து மணி நேரம் ஆகும். மறுபடி அதே கரி.

ஜெனரேட்டர் கடைக்காரர் இதைச் சொல்லலாமா தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறோம். பல்பு, ஃபேன், டிவி மட்டும் உள்ள வீட்டுக்கு ஜெனரேட்டர் முதல் சாமான் ஆகாது. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் சோலார் பேனல் நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் சூரியன் முகம் காட்டாதபோதும், மோட்டார் போடவும் மட்டும் சின்ன மெஷின் போதும். அந்த மலை வீட்டில் இப்போது இருப்பது இந்த ஏற்பாடுதான்.

அடுத்தது வேகம். பழைய வட ஆற்காட்டுக் கிணற்றுமேடுகளில் டுக்டுக் என்று ஓடிய லிஸ்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 650 சுற்று. இன்றைய 50 சைக்கிள் மெஷின்கள் 1500 அல்லது 3000. கையில் தூக்குகிற பெட்ரோல் மெஷின்கள் பெரும்பாலும் 3000 வகை. கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ ஒரு ராத்திரி என்றால் தாராளமாக வாங்கலாம். தினமும் ஓட்டுகிறவர் 1500 சுற்று டீசலைப் பாருங்கள், விலை கூடினாலும் உழைக்கும். 2023 ஜூலையிலிருந்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகை விதி கடுமையானதில் விலையும் ஏறியிருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

மலை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 700, 800 மீட்டர் உயரத்தில் காற்று இங்கே கீழே இருப்பதைவிடப் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு மெலிந்திருக்கும், என்ஜின் பலமும் அந்த அளவுக்கு இறங்கும். கணக்குப் போடும்போது அதை நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். கீழே இருப்பவர்களுக்குத் தொல்லை வேறு: சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள், காற்றால் சூடு தணியும் ஏர்கூல்டு மெஷின் வைத்தால் அது தன் சூட்டையே திரும்ப மூச்சு வாங்கும். மேலே ஓலை போடுங்கள், இரண்டு பக்கம் திறந்துவிடுங்கள்.

நாங்கள் பார்க்கும் ரிப்பேரில் பாதி, மெஷினால் வருவதில்லை, கேனால் வருகிறது. பெட்ரோல் பங்கிலிருந்து கேனில் வாங்கிவந்த டீசலை அப்படியே கவிழ்க்கிறார்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். கேனை ஒரு ராத்திரி ஆடாமல் வைத்து, காலையில் மெதுவாகச் சாய்த்து, நான்காக மடித்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். அடியில் இரண்டு விரல் அளவை மெஷினுக்கு விடாதீர்கள், துருப்பிடித்த போல்ட் ஊறப்போட வைத்துக்கொள்ளலாம். டேங்கை வற்றவிட்டால் லைனில் ஏர் பிடிக்கும், அப்புறம் ஏர் எடுக்காமல் கிளம்பாது. ஏர் எடுப்பது எப்படி என்று கடையில் காட்டித் தருகிறோம், வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ளுங்கள்.

புது மெஷினுக்கு முதல் ஆயில் மாற்றம் சீக்கிரம், பெரும்பாலும் 50 மணிக்குள். அதன்பின் புத்தகத்தில் போட்டிருக்கும் மணிக்கணக்கு. மணி காட்டும் மீட்டர் இல்லாத மெஷினுக்குச் சுவரில் கரிக்கோடு போதும். சாமை அடிக்கும் நாட்களில் ஏர் ஃபில்டரைத் தினமும் தட்டுங்கள். நீண்ட நாள் நின்ற மெஷினைப் போடுமுன் சைலன்சர் வாயைப் பாருங்கள், குளவிக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

மழை என்று மெஷினை வீட்டுத் திண்ணைக்கோ சமையலறைக்கோ எடுத்துவராதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். இதில் மட்டும் சமாதானம் கேட்க மாட்டோம்.

கடைக்கு வரும்போது ஒரு தாளில் வீட்டில் ஓடுவதை எழுதிவாருங்கள். மோட்டார் பிளேட்டைச் செல்போனில் படம் பிடித்துவாருங்கள், கிணறு எத்தனை அடி என்றும் கேட்டு வையுங்கள். இதைப் படிக்கிறவர் அந்த அணைக்கட்டுப் பெரியவரின் பேரப்பிள்ளையாக இருந்தால் தாத்தாவிடம் சொல்லுங்கள்: அவர் சொன்ன ஐந்து பல்புக்கும் முக்கால் எச்பி மோட்டாருக்கும் 2.5 கேவிஏ மெஷின் ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம். அவர் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்தால், கடையிலேயே மாட்டி, இழுக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஜெனரேட்டர் கடைக்காரர்கள்,
வேலூர்.