அம்மாவின் அந்த ஆறு வாரங்களுக்காக ஒரு நன்றி மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களே,

கடந்த பெப்ரவரியில் இங்கே ஜேர்மனியில் குளியலறையில் வழுக்கி விழுந்த எங்கள் 81 வயது அம்மா, இப்போது றோலாட்டர் என்ற சில்லு வைத்த நடைவண்டியைப் பிடித்தபடி தானே சமையலறைக்கு வந்து தேநீர் ஊற்றிக் குடிக்கிறார். அறுவைச் சிகிச்சை செய்த வைத்தியர்களுக்கும் றேஹா எனப்படும் மறுவாழ்வுச் சிகிச்சை நிலையத்தாருக்கும் நாங்கள் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். அவ்விரண்டுக்கும் நடுவில் இருந்த நாட்களில் அம்மாவைத் தாங்கியவர்களுக்காகவே இந்த மடலை எழுதுகிறேன். இதன் ஜேர்மன் வடிவத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டோம். எங்கள் சனமும் அவர்களை அறிய வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

அம்மாவின் தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. தகடு வைத்துப் பொருத்திய பின்னர், ஆறு வாரங்களுக்கு அந்தக் காலில் 20 கிலோவுக்கு மேல் பாரம் வைக்கக் கூடாது என்றார்கள். 14ஆம் நாள் வைத்தியசாலைச் சிகிச்சை முடிந்துவிட்டது. ஆனால், காலை ஊன்றிப் பயிற்சி செய்ய முடியாதவரை றேஹாவுக்கு எடுக்க மாட்டார்கள். எங்கள் வீடோ மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருக்கிறது. நானும் தம்பியும் முழுநேர வேலைக்குப் போகிறவர்கள்.

முதல் நன்றி வைத்தியசாலைச் சமூக சேவைப் பிரிவில் இருந்த பெண்மணிக்கு. சில வாரங்களுக்கான குறுங்காலப் பராமரிப்புக்கு இடம் தேடி அவர் தொலைபேசி எடுத்த பராமரிப்பு இல்லங்களின் பட்டியலை அவருடைய மேசையில் கண்டேன்: 17 பெயர்கள், அவற்றில் 16 பெயர்கள் கோடிட்டு வெட்டப்பட்டிருந்தன. வேறு ஏற்பாடு எதுவும் அமையாத நோயாளியை, சிகிச்சை பெற்ற அதே வைத்தியசாலையிலேயே 10 நாட்கள் வரை வைத்துப் பராமரிக்க 2021ஆம் ஆண்டிலிருந்து ஜேர்மன் சட்டம் இடம் தருகிறது என்பதையும், அச்செலவை மருத்துவக் காப்புறுதி ஏற்கும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம். அப்படி எட்டு நாட்கள் கிடைத்தன. அந்த எட்டு நாட்களுக்குள் அம்மாவுக்கு எவ்வளவு பராமரிப்புத் தேவை என்ற விரைவு மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து, அதில் பராமரிப்புத் தரம் 2 கிடைக்கச் செய்து, பதினேழாவது இல்லத்தில் ஒரு கட்டிலையும் பிடித்துத் தந்தார்.

இரவுப் பணியில் இருந்த தாதிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மயக்க மருந்தின் பின் அம்மா இரவுகளில் தடுமாறிப் போயிருந்தார். இறந்துபோன தன் தாயாரைக் கூப்பிட்டார், ஜேர்மன் மொழியில் தெரிந்த நாலு சொற்களையும் மறந்துவிட்டார். அந்தத் தாதி என்னிடம் ஒரு தாளை நீட்டி, தமிழ்ச் சொற்களை ஜேர்மன் எழுத்தில் எழுதித் தரும்படி கேட்டார். “நோகுதா?”, “தண்ணி வேணுமா?”, “மகள் விடிய வருவா.” மூன்றாவது வசனத்தைத்தான் அவர் அதிகம் சொன்னதாக, பக்கத்துக் கட்டில் அம்மையார் பிறகு எனக்குச் சொன்னார்.

அம்மாவை ஓர் இல்லத்தில் விடுவதற்கு நான் தயங்கினேன் என்பதையும் எழுத வேண்டும். “பெற்ற தாயை இல்லத்தில் தள்ளிவிட்டார்கள்” என்று சொல்லுவார்களே என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தில் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தால், அம்மா ஆறு வாரமும் கட்டிலில்தான் கிடந்திருப்பார். இந்த வயதில் படுத்துக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் தசையைக் கரைத்துவிடும். இல்லத்தில் இருந்த 24 நாட்களிலும் ஒரு வேளைகூட அவருக்குக் கட்டிலில் சாப்பாடு கொடுக்கவில்லை. உடுப்பு மாற்றி, தலை வாரி, மேசைக்குக் கூட்டிப்போய் இருத்தினார்கள். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் என்பதைச் சமையற்கூடத்தார் ஒருமுறை கேட்டதோடு மறக்கவேயில்லை.

அங்கே இருந்த இயன்முறைச் சிகிச்சையாளர் ஒரு சாதாரணக் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து, அம்மாவின் முறிந்த காலின் பாதத்தை அதன்மேல் வைத்து அழுத்தச் சொன்னார். முதல் நாள் முள் 35ஐத் தாண்டியது. பயந்துபோய் அடுத்த தடவை ஐந்தில் நிறுத்திவிட்டார். ஒவ்வொரு நாளும் இதே பயிற்சி. இரண்டாம் வாரம் நான் போயிருந்தபோது, அம்மா கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். முள் 20இல் வந்து நின்றது. சிகிச்சையாளர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவருடைய உழைப்பு முழுவதும் தெரிந்தது.

2025இன் முற்பகுதியில் இருந்த விதிப்படி பராமரிப்புச் செலவில் ஆண்டுக்கு 1,854 யூரோ வரை பராமரிப்புக் காப்புறுதி தந்தது, தங்குமிடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வரி வரியாக விளக்கிய கணக்குப் பிரிவினருக்கும் நன்றி. பொதுவாக வைத்தியசாலையை விட்டு 14 நாட்களுக்குள் றேஹா தொடங்க வேண்டும். தாமதத்தின் மருத்துவக் காரணத்தை எழுதித் தந்த வைத்தியருக்கும், அதை ஏற்று மூன்று வார றேஹாவுக்கு ஒப்புதல் அளித்த காப்புறுதி அலுவலருக்கும் நன்றி. இடியப்பமும் சொதியுமாக வந்துபோன மாமிக்கும், ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் அம்மாவின் பெயரில் அர்ச்சனை செய்வித்தவர்களுக்கும் எங்கள் அன்பு.

இதை எழுதும்போது அம்மா பக்கத்தில் இருந்து ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதை அவர் சொன்னபடியே தருகிறேன்: “அந்தத் தராசுப் பிள்ளைக்குச் சொல்லு, இப்ப முழுப் பாரத்தையும் வைச்சுத்தான் நடக்கிறன்.”

நன்றியுடன்,
மகளும் மகனும்
டோட்முண்ட், ஜூன் 2025