ஏற்காடு முகாமுக்கு மழைத்தொட்டியும் கழிப்பறையும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

நம் சபையின் ஏற்காடு முகாமைப் பார்த்துவிட்டு நேற்றுதான் பெங்களூரு திரும்பினோம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் பிள்ளைகள் முதலில் தேடுவது கழிப்பறையைத்தான். 60 பேருக்கு மூன்றுதான் இருக்கிறது. போன மே மாதம் பெண்பிள்ளைகள் விடிகாலை நாலு மணிக்கே வரிசையில் நின்றார்கள். மனசு பொறுக்கவில்லை.

அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீரை நம்பித்தான் முகாம் நடக்கிறது. ஆனால் 200 சதுர மீட்டர் கூரை சும்மா கிடக்கிறது. 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அதில் 2,000 லிட்டர் விழும். கூரை ஓரத்தில் தண்ணீர் வழிந்தோடப் பீலி வைத்து, முதல் மழையின் தூசியையும் இலையையும் வெளியே விட்டுவிட்டு, மீதியை மூடிய தொட்டியில் இறக்கினால் போதும். ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும். அதனால் தொட்டியும் கழிப்பறையும் முதலில், புதுக் கட்டில்கள் அப்புறம்.

குடும்பத்துக்கு ரூ. 1,000 என்று கமிட்டி கேட்கிறது. முடியாதவர்கள் நூறு கொடுத்தாலும் சந்தோஷம். சபைக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், ரசீது உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர்களிடம் வாங்க வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு நம் சபைக்கு இல்லை.

கொத்து வேலை, பிளம்பிங் தெரிந்த அண்ணன்மார் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள்.