மரக் கடைசல் லேத் வாங்குவோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பின் வீட்டிலேயே மரக் கடைசல் பழக விரும்புவோர், விலையை மட்டும் பார்த்து லேத் (கட்டையைச் சுழற்றி உளியால் கடைய உதவும் இயந்திரம்) வாங்கி ஏமாறக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நான் அப்படி ஏமாந்தவன். தண்டையார்பேட்டையில் என் வீட்டுப் பின்கட்டில் வைத்த முதல் லேத் தகட்டால் ஆனது. அதில் 8 அங்குலப் பூவரசங்கட்டையை மாட்டி ஓட்டியதும், மேசையோடு சேர்ந்து நகரத் தொடங்கியது. கட்டையை இரு பக்கமும் தாங்கும் கூர்முனைகளை நெருக்கிப் பார்த்தால், நேருக்கு நேர் சேராமல் ஓர் அரிசி அகலத்துக்கு விலகி நின்றன. கடையிலேயே அதைச் சோதித்திருக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது எடை. வார்ப்பிரும்பு உடல் அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். அடுத்தது அளவு. கட்டை சுழலும் அச்சின் நடுவிலிருந்து லேத்தின் அடித்தளம் வரை 5 அங்குலம் என்றால், அதன் மேல் 10 அங்குலத்துக்கு அதிகமான விட்டமுள்ள கிண்ணம் கடைய முடியாது. வேகத்தை நன்றாகக் குறைக்கும் வசதி இதைவிட முக்கியம்: நிமிடத்துக்கு 1,000 சுற்றில் அந்தக் கிண்ணத்தின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 48 கி.மீ. வேகத்தில் உளியைத் தொடுகிறது. கோணலான பச்சைக் கட்டையை அந்த வேகத்தில் தொடங்குவது ஆபத்து. முழுமுகக் கவசத்துக்கும் நல்ல உளிகளுக்கும் தனியே பணம் ஒதுக்க வேண்டும். எங்கள் பகுதியின் உப்புக்காற்றில் அடித்தளம் விரைவில் துருவேறும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைப்பது அவசியம்.

விற்பனையாளர்கள் ஒரு கட்டையை மாட்டி, ஓட்டிக் காட்டிய பிறகே விற்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.